வலைப்பக்கத்தின் அகலத்தை யார் தீர்மானிப்பது?

கணினியில் பார்த்துப் பார்த்து வடிவமைத்த வலைத்தளத்தைக் கைபேசியில் திறக்கும்போது மெனுவின் கடைசிச் சொற்கள் திரைக்கு வெளியே போய்விடுவதும், விரல் பட்டால் பக்கம் முழுவதும் இடமும் வலமுமாக நகர்வதும், எழுத்துகள் பொடிப்பொடியாகச் சுருங்குவதும், தலைப்பின் மேல் படம் ஏறி நிற்பதும் இன்றும் அன்றாடம் காணக்கூடிய குறைகள். சரிசெய்யும்படி வடிவமைப்பாளரிடம் சொன்னால், "எந்த போனில் இப்படித் தெரிகிறது?" என்ற கேள்விதான் பெரும்பாலும் முதலில் வரும். அந்த போனுக்கென்று நான்கு வரிகளை எழுதிச் சேர்ப்பார்கள். குறை அங்கே மறைந்து வேறொரு போனில் தலைகாட்டும். உண்மையில் அதன் வேர் எந்த போனிலும் இல்லை. பக்கத்துக்குள் எங்கோ ஓர் அகலமோ உயரமோ எண்ணாக எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவர் தம் திரையை மனத்தில் வைத்து எழுதிய எண் அது. பிறருடைய திரையில் அது பொருந்தினால் தற்செயல் என்றுதான் கொள்ள வேண்டும்.

எந்த வடிவமைப்பும் சேர்க்காமல், வலைப்பக்கங்களின் அடிப்படை மொழியான எச்டிஎம்எல்லில் மட்டும் எழுதிய பக்கம் எந்த அகலத்துக்கும் தானாகவே அடங்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கி 1991இல் வெளியுலகுக்கு அறிவித்த முதல் வலைத்தளத்தின் பக்கத்தில், வரி எவ்வளவு அகலம் ஓட வேண்டும் என்ற குறிப்பே கிடையாது. அதைக் கணினியில் திறந்து உலாவியின் சாளரத்தை இழுத்துச் சுருக்கினால் வரிகள் மடிந்து கீழிறங்கும், விரித்தால் நீளும். வளையும் குணம் வலைக்குப் பிறவியிலேயே இருந்தது. அதை நாம்தான் பறித்தோம். பிறகு பெரும்பாடுபட்டுத் திரும்பக் கொடுத்தோம். திரைக்கேற்ற வடிவமைப்பின் வரலாறு முழுவதையும் இவ்வாறே சுருக்கிச் சொல்லிவிடலாம்.

பறித்த கதை 1990களின் நடுவில் தொடங்குகிறது. அச்சு ஊடகத்திலிருந்து வந்த வடிவமைப்பாளர்களுக்குத் தாளின் அகலம் முன்கூட்டியே தெரிந்திருப்பது இயல்பான நிலை. வலையில் அந்த உறுதி கிடைக்காதபோது, புள்ளிவிவரங்களை வரிசைப்படுத்துவதற்கென்று எச்டிஎம்எல்லில் சேர்க்கப்பட்ட அட்டவணையை அவர்கள் பக்கத்தின் சட்டமாகப் பயன்படுத்தினார்கள். இடைவெளி விடுவதற்கு, கண்ணுக்குத் தெரியாத ஒரே ஒரு பிக்சல் அளவுள்ள படத்தை நீட்டி நிறுத்தினார்கள். அட்டவணைக்கு ஓர் அகலம் தேவைப்பட்டது. அக்காலக் கணினித் திரைகள் 640க்கு 480 பிக்சல், பிறகு 800க்கு 600, அதற்கும் பிறகு 1024க்கு 768 என்று வளர்ந்ததால், ஒவ்வொரு காலகட்டத்திலும் பெரும்பான்மையோரின் திரை எதுவோ அதற்குள் அடங்கும் எண் வழக்கத்துக்கு வந்தது. 1024 திரையில் உருள்பட்டைக்கும் ஓரத்துக்கும் இடம் விட்டது போக 960 என்ற எண் நிலைத்தது. 2, 3, 4, 5, 6, 8, 10, 12, 16 ஆகிய எல்லாவற்றாலும் மீதமின்றி வகுபடும் என்பதால் செய்தித்தாளில்போலப் பக்கத்தைப் பத்திகளாகப் பிரிக்க அது மிகவும் தோதாக இருந்தது. 2008 வாக்கில் 960 பிக்சல் கட்டமைப்பு ஏறத்தாழ ஒரு விதியாகவே பின்பற்றப்பட்டது.

இதற்கு எதிர்ப்பே இல்லாமல் இல்லை. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜான் ஆல்சாப் 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் 'அ லிஸ்ட் அபார்ட்' என்ற இணைய இதழில் எழுதிய கட்டுரையில், அச்சுத் தாளின் கட்டுப்பாட்டை வலையில் தேடுவது வீண் என்றும், வாசகரின் திரைக்கும் விருப்பத்துக்கும் ஏற்ப மாறும் தன்மையே இந்த ஊடகத்தின் பலம் என்றும் வாதிட்டார். பலர் அதைப் பாராட்டினார்கள். ஆனால் வாடிக்கையாளர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே அளவுத் திரையில் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், மாறும் பக்கத்தை உருவாக்க யாருக்கும் அவசரம் ஏற்படவில்லை.

அவசரம் 2007இல் ஏற்பட்டது. அந்த ஆண்டு ஜூனில் விற்பனைக்கு வந்த முதல் ஐபோனின் திரை 320க்கு 480 பிக்சல். அன்றைய வலைத்தளங்களில் பெரும்பாலானவை அதைப்போல் மூன்று மடங்கு அகலமுள்ள திரைக்காக எழுதப்பட்டவை. அவற்றைக் குறுகலாகத் திறந்தால் சிதைந்துபோகும் என்பதால் ஆப்பிள் ஒரு தந்திரம் செய்தது: சஃபாரி உலாவி, தன் திரை 980 பிக்சல் அகலம் என்று பாவித்துக்கொண்டு பக்கத்தை அடுக்கும்; அடுக்கி முடித்த பக்கத்தைச் சுருக்கி 320க்குள் காட்டும்; வாசகர் இருமுறை தட்டிப் பெரிதாக்கிப் படித்துக்கொள்ள வேண்டும். பின்னர் வந்த கைபேசி உலாவிகளும் ஏறத்தாழ இதையே பின்பற்றின. பழைய பக்கங்களைக் காப்பாற்றுவதற்காகச் செய்த இந்த ஏற்பாடு இன்றுவரை தொடர்வதால்தான், எந்த எண்ணும் எழுதப்படாத பெர்னர்ஸ்-லீயின் பக்கத்தைக்கூடக் கைபேசியில் திறந்தால் எழுத்து சிறுத்தே தெரிகிறது.

இந்தப் பாவனையைக் கைவிடும்படி உலாவியிடம் சொல்வதற்கு ஆப்பிள் தந்த குறிச்சொல்தான் வியூபோர்ட் மெட்டா. பக்கத்தின் தலைப்பகுதியில் ஒரே வரியாக எழுதப்படும் அது, "அகலம் 980 என்று வைத்துக்கொள்ளாதே, இந்தக் கருவியின் உண்மையான அகலத்தையே எடுத்துக்கொள்" என்று அறிவிக்கிறது. இந்த வரி விடுபட்டால், கீழே எவ்வளவு கவனமாக எழுதிய சிஎஸ்எஸ்ஸும், அதாவது பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் விதிகளும், கைபேசியில் எடுபடாது. ஏனென்றால் குறுகிய திரைக்கென்று எழுதிய விதிகளை உலாவி திரும்பிப் பார்ப்பதே இல்லை, தன் அகலம் 980 என்றே அது நம்பிக்கொண்டிருக்கிறது. கைபேசியில் மட்டும் பக்கம் முழுவதும் சுருங்கித் தெரிகிறது என்ற புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். இதே வரியில், வாசகர் விரல்களால் பெரிதாக்குவதைத் தடுக்கும் கட்டளையையும் சிலர் சேர்த்துவிடுகிறார்கள். பார்வை குறைந்தவர் படிப்பதற்குள்ள எளிய வழியை அடைக்கும் செயல் அது. எந்த வடிவமைப்புக் காரணமும் அதற்கு ஈடாகாது.

'உண்மையான அகலம்' என்றேனே, அதிலும் ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. விளம்பரத்தில் 1080 பிக்சல் அகலம் என்று சொல்லப்படும் கைபேசி, வலைப்பக்கத்திடம் தன் அகலம் 360 என்றே தெரிவிக்கக்கூடும். சிஎஸ்எஸ்ஸில் பிக்சல் என்பது திரையிலுள்ள ஒளிப்புள்ளியின் பெயர் அன்று. வழக்கமான தூரத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒரே பருமனாகத் தெரியும்படி வகுத்த ஓர் அளவு. 2010இல் வந்த ஐபோன் 4 இந்த வேறுபாட்டை எல்லோருக்கும் கற்றுத்தந்தது: அதன் திரையில் 640க்கு 960 புள்ளிகள் இருந்தும், பக்கங்களுக்கு அது முன்போலவே 320க்கு 480 என்றே அறிமுகமானது. அப்படிச் செய்திராவிட்டால் அதுவரை எழுதிய எழுத்தெல்லாம் பாதியாகச் சுருங்கியிருக்கும். ஆகவே கைபேசியின் விற்பனைக் குறிப்பிலுள்ள எண்ணை எடுத்துக்கொண்டு வடிவமைக்கத் தொடங்குவது முதல் அடியிலேயே தவறிவிடும்.

கைபேசிக்கென்று தனித்தளம் அமைப்பதே அக்காலத்தின் பரவலான தீர்வு. முகவரியின் முன்னால் 'எம்' என்ற எழுத்தைச் சேர்த்து, உள்ளடக்கத்தில் பாதியை வெட்டிவிட்ட ஒரு தளத்தை வைத்திருப்பார்கள். இரண்டு தளங்களைப் பராமரிக்க வேண்டியிருந்தது ஒருபுறம். கைபேசியில் வருபவருக்குக் குறைவான செய்தி போதும் என்ற அனுமானம் இன்னொரு புறம். அந்த அனுமானத்தை நியாயப்படுத்தவே முடியாது. கணினியே இல்லாமல் கைபேசியில் மட்டும் இணையத்தைப் பயன்படுத்துபவர் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஏராளம். விண்ணப்பப் படிவமும் தேர்வு முடிவும் அவருக்கு அந்தச் சிறிய திரையில்தான் கிடைத்தாக வேண்டும்.

2010ஆம் ஆண்டு மே 25 அன்று அதே 'அ லிஸ்ட் அபார்ட்' இதழில் அமெரிக்க வடிவமைப்பாளர் ஈதன் மார்காட், மூன்று பழைய கருவிகளை ஒன்றாகக் கோத்து 'ரெஸ்பான்சிவ் வெப் டிசைன்' (திரைக்கேற்ற வலை வடிவமைப்பு) என்ற பெயரில் முன்வைத்தார். விழுக்காட்டில் அளந்த கட்டமைப்பு, தன்னைத் தாங்கும் பெட்டியை மீறாத படங்கள், திரையின் அகலத்தைக் கேட்டறிந்து விதியை மாற்றும் மீடியா குவெரி ஆகிய மூன்றுமே தனித்தனியாக முன்பே இருந்தவை. எண்ணை விழுக்காடாக மாற்ற அவர் தந்த வகுத்தல் கணக்கு மிக எளியது: 960 பிக்சல் பக்கத்தில் 300 பிக்சல் பத்தி இருந்தால் 300ஐ 960ஆல் வகுத்து 31.25 விழுக்காடு என்று எழுத வேண்டும். அந்தப் பத்திக்குள் இருக்கும் 150 பிக்சல் படத்தை 960ஆல் வகுக்கக்கூடாது. அதைத் தாங்குவது 300 பிக்சல் பத்தி என்பதால் 50 விழுக்காடு. எந்தப் பெட்டியும் தனக்கு மேலுள்ள பெட்டியின் பங்காகவே அளக்கப்படும்போது, வெளிப்பெட்டி சுருங்கினால் உள்ளே உள்ளவை யாவும் அதே விகிதத்தில் சுருங்கும். மறு ஆண்டு செப்டம்பரில் 'பாஸ்டன் குளோப்' நாளிதழ் தன் தளத்தை இம்முறையில் வெளியிட்டபோது, தினந்தோறும் நூற்றுக்கணக்கான பக்கங்களை வெளியிடும் பெரிய தளத்துக்கும் இது தாங்கும் என்பது உறுதியானது. 2015 ஏப்ரல் 21 முதல் கைபேசித் தேடலில் கைபேசிக்கு உகந்த பக்கங்களுக்குக் கூகுள் முன்னுரிமை தரத் தொடங்கியதும் தயங்கி நின்றவர்களும் மாறினார்கள். அடுத்த ஆண்டு அக்டோபரில், உலக அளவிலான இணையப் பயன்பாட்டில் கைபேசியும் டேப்லெட்டும் சேர்ந்து மேசைக் கணினியை முதன்முறையாக விஞ்சியதாக, அப்பயன்பாட்டை அளக்கும் ஸ்டாட்கவுண்ட்டர் நிறுவனம் அறிவித்தது.

ஆனால் அந்த மூன்று கருவிகளில் மீடியா குவெரிதான் மிகவும் தவறாகக் கையாளப்பட்டது. 320, 768, 1024 ஆகிய எண்களை வலை முழுவதும் காணலாம். முதலாவது ஐபோனின் அகலம். மற்ற இரண்டும் ஐபேடின் அகலமும் உயரமும். கருவிகள் சிலவே இருந்தபோது இவை பொருந்தின. இன்று புழக்கத்திலுள்ள கைபேசிகள் 360, 375, 390, 393, 412, 430 என்று விதவிதமான அகலங்களைத் தெரிவிக்கின்றன. மடித்து விரிக்கும் போன் ஒரே நாளில் இரண்டு அகலங்களில் வேலை செய்கிறது. கணினியிலும் எல்லோரும் சாளரத்தை முழுத்திரையாகவே வைத்திருப்பதில்லை. கருவிப் பட்டியலைத் துரத்திக்கொண்டு போவது முடிவில்லாத வேலை. 960 என்ற ஒரே எண்ணை விட்டுவிட்டு மூன்று எண்களைப் பிடித்துக்கொண்டதால் நாம் விடுபட்டுவிடவில்லை.

மாற்றம் எந்த அகலத்தில் நிகழ வேண்டும் என்பதை உள்ளடக்கமே சொல்லும், கேட்கத் தெரிந்தால். மீடியா குவெரி எதுவும் இல்லாமல் முதலில் குறுகிய திரைக்கு எழுத வேண்டும். பின்பு சாளரத்தை மெல்ல மெல்ல விரித்துக்கொண்டே போக வேண்டும். ஓர் இடத்தில் வரி கண்ணைக் களைப்பாக்கும் அளவுக்கு நீண்டுவிடும், அல்லது பக்கவாட்டில் வெற்றிடம் உறுத்தும். அங்கேதான் அந்தப் பக்கத்துக்கு இரண்டாவது பத்தி தேவைப்படுகிறது. அந்த அகலம் 611 பிக்சலாக இருந்தாலும் சரி, 734 ஆக இருந்தாலும் சரி. வடிவமைப்பாளர் லூக் ரொப்லெவ்ஸ்கி 2009 முதல் வலியுறுத்திவந்த 'மொபைல் ஃபர்ஸ்ட்' என்ற அணுகுமுறையின் தொழில்நுட்பப் பயனும் இதுவே: எளிய அடுக்கு அடிப்படையாக இருக்கும், அகலம் கிடைக்கக் கிடைக்க அதன்மேல் சேர்த்துக்கொண்டே போகலாம். இந்த எல்லைகளைப் பிக்சலில் எழுதாமல் எம் அலகில் எழுதுவது நல்லது. மீடியா குவெரிக்குள் வரும் எம், வாசகர் தம் உலாவியில் வைத்திருக்கும் எழுத்தளவைக் குறிப்பது. எழுத்தைப் பெரிதாக வைத்துப் படிப்பவருக்கு 40 எம் என்ற எல்லை அதற்கேற்பத் தள்ளிப்போகும், நெருக்கடியான மூன்று பத்திகள் அவர்மேல் திணிக்கப்படாது.

தமிழில் தளம் அமைப்பவர்களுக்கு இது கூடுதல் முக்கியத்துவம் உடையது. நாம் பயன்படுத்தும் டெம்ப்ளேட்டுகளில், அதாவது ஆயத்த வடிவமைப்புகளில், பெரும்பாலானவை ஆங்கில உரையை இட்டுப் பார்த்து எல்லைகள் வைக்கப்பட்டவை. ஆங்கிலத்தில் இடைவெளி விட்டு மூன்று நான்கு சொற்களாக நிற்கும் பொருள், தமிழில் வேற்றுமை உருபும் பன்மை விகுதியும் ஒட்டி ஒரே சொல்லாகிவிடுகிறது. 'விண்ணப்பதாரர்களுக்கான' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். அரசுத் தளங்களிலும் கல்லூரித் தளங்களிலும் அடிக்கடி வரும் சொல். கைபேசியின் அகலம் 360 பிக்சல். இருபுறமும் 16 பிக்சல் ஓரம் விட்டால் எஞ்சுவது 328. அதில் அட்டை எனப்படும் செய்திப் பெட்டிகள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நடுவில் 16 பிக்சல் இடைவெளி விட்டால் அட்டைக்கு 156; அட்டையின் உள்ளே இருபுறமும் 12 பிக்சல் விட்டால் எழுத்துக்குக் கிடைப்பது 132 பிக்சல். 16 பிக்சல் எழுத்தளவில்கூட அந்த ஒரே சொல் வழக்கமான தமிழ் எழுத்துருக்களில் 132க்குள் அடங்காது.

அடங்காதபோது என்ன நடக்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயனுள்ளது. பக்கத்தைக் கட்டங்களாகப் பிரிக்கும் சிஎஸ்எஸ் கிரிட்டில் இரண்டு பத்திகளுக்கும் '1 எஃப்ஆர்' என்று சமபங்கு கொடுத்திருப்போம். சமமாகப் பிரியும் என்று நம்பியிருப்போம். ஆனால் அந்தச் சமபங்குக்குக் கீழ்வரம்பு ஒன்று மறைவாக இருக்கிறது: பத்தி எதுவும் தன்னுள் இருக்கும் பிளவுபடாத மிக நீண்ட சொல்லைவிடக் குறுகாது. ஆகவே நீண்ட சொல் உள்ள பத்தி விரிந்து அடுத்த பத்தியை நெருக்கும். இரண்டிலுமே நீண்ட சொற்கள் இருந்தால் கிரிட் முழுவதும் திரையைத் தாண்டும். பக்கம் இடவலமாக நகரத் தொடங்கும். ஆங்கில மாதிரி உரையில் சோதித்த டெம்ப்ளேட்டில் இந்தக் குறை தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை. கீழ்வரம்பைச் சுழியம் என்று வெளிப்படையாக எழுதினால் பத்திகள் மறுபடி சமமாகும். பெட்டிகளை வரிசையாக அடுக்கும் ஃபிளெக்ஸ்பாக்ஸிலும் குறைந்தபட்ச அகலத்தைச் சுழியமாக்குவது இதே வேலையைச் செய்யும். எனினும் சொல் அப்போது பெட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்; அதற்கு வேறு மருந்து வேண்டும்.

பலர் நாடுவது, எந்த இடத்திலும் சொல்லை உடைக்க அனுமதிக்கும் கட்டளையை. அதில் இரண்டு வகை உண்டு. எல்லாச் சொற்களையும் வரி முடியும் இடத்தில் வெட்டிவிடும் 'பிரேக்-ஆல்' தமிழுக்கு ஒவ்வாது. அடுத்த வரிக்கு முழுதாகப் போயிருக்கக்கூடிய சிறு சொல்லையும் அது துண்டாக்கும். வேறு வழியே இல்லாதபோது மட்டும் உடைக்கும் 'ஓவர்ஃப்ளோ-ராப்' அதைவிட மேலானது. 'கொ' போன்ற எழுத்தின் கொம்பையும் காலையும் பிரிக்காமல் முழு எழுத்துகளுக்கு இடையில்தான் உலாவி வெட்டும். ஆயினும் வெட்டும் இடம் பொருளறிந்து தேர்ந்ததாக இராது. 'விண்ணப்பதார' என்று ஒரு வரியும், அடுத்த வரி 'ர்களுக்கான' என்று புள்ளியெழுத்திலும் தொடங்கினால் தமிழ் வாசகரின் கண் தடுக்கும். வரியைப் புள்ளியெழுத்தில் தொடங்கக்கூடாது என்பது நம் அச்சுக்கோப்பவர்கள் காத்துவந்த ஒழுங்கு. தலைப்புகளிலும் பொத்தான்களிலும் வரும் நீண்ட சொற்களுக்குள், பிரிக்கத்தக்க இடத்தில் மென்கோடு எனப்படும் மறைவான குறியை இட்டுவைத்தால், தேவைப்படும்போது மட்டும் 'விண்ணப்பதாரர்-களுக்கான' என்று சொல் முறையாக மடியும். தானாக மடிக்கும் வசதியும் சிஎஸ்எஸ்ஸில் இருக்கிறது. ஆனால் அதற்குப் பக்கத்தின் மொழி தமிழ் என்று எச்டிஎம்எல்லில் அறிவித்திருக்க வேண்டும், அந்த உலாவியிடம் தமிழுக்கான பிரிப்புப் பட்டியலும் இருக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விடச் சிறந்த தீர்வு, 132 பிக்சல் பத்தி ஒன்றை உருவாக்காமலே இருப்பது. எத்தனை பத்திகள் என்று நாம் எண்ணிச் சொல்லாமல், ஒரு பத்தி குறைந்தது இவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்று மட்டும் கிரிட்டிடம் சொல்ல முடியும். அந்தக் குறைந்தபட்சத்தைத் தமிழ்ச் சொற்களைப் பார்த்து, 16 ரெம் (பக்கத்தின் அடிப்படை எழுத்தளவைப்போல் 16 மடங்கு) என்பதுபோல வைத்தால், கைபேசியில் ஒரு பத்தியும் டேப்லெட்டில் இரண்டும் கணினியில் நான்கும் ஒரு மீடியா குவெரிகூட இல்லாமல் தாமாகவே அமையும். அந்த 16 ரெம்கூடத் திரையைவிட அகலமாகிவிடக் கூடும் என்பதால் 'நூறு விழுக்காடு அல்லது 16 ரெம், இரண்டில் எது குறைவோ அது' என்று எழுதுவது பாதுகாப்பானது.

வரியின் நீளத்துக்கும் இதே கவனம் தேவை. நீண்ட கட்டுரைகளுக்கு வரியின் அகலத்தை '65 சிஎச்' என்று வரையறுக்கும்படி வடிவமைப்பு வழிகாட்டிகள் கூறுவதுண்டு. சிஎச் என்பது அந்த எழுத்துருவிலுள்ள '0' என்ற இலக்கத்தின் அகலம். ஆங்கிலச் சிற்றெழுத்துகளின் சராசரிக்கு அது நெருக்கமானது. தமிழில் 'ண', 'ஞ', 'னை' போன்ற எழுத்துகள் அதைவிட மிகவும் அகலமானவை என்பதால், 65 சிஎச் அகலத்தில் 65 தமிழ் எழுத்துகள் வருவதில்லை. சொற்களும் நீளமாக இருப்பதால் வரிக்கு ஐந்தாறு சொற்களே நின்று, கண் அடிக்கடி அடுத்த வரிக்குத் தாவ வேண்டியிருக்கும். தமிழ்ப் பக்கத்தில் இந்த அளவை எண்ணைப் பார்த்து முடிவுசெய்யாமல் உரையைப் படித்துப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும். வரிகளுக்கு இடையிலும் நமக்கு அதிக இடம் தேவை. 'கி'யின் மேல்விலங்கும் அதற்கு மேல்வரியிலுள்ள 'மு'வின் கீழ்ச்சுழியும் நெருங்கினால் இரண்டுமே தெளிவிழக்கும். பெட்டிகளுக்கு உயரத்தைப் பிக்சலில் நிறுத்திவைக்கும் பழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆங்கிலத் தலைப்பு இரண்டு வரிகளில் அடங்கியதைப் பார்த்து 60 பிக்சல் என்று எழுதிவிடுவார்கள். தமிழ்த் தலைப்பு நான்கு வரியாகும்போது கடைசி இரண்டும் வெட்டுப்பட்டு மறையும், அல்லது கீழுள்ள பொத்தானின் மேல் படியும். எழுத்து இருக்கும் எந்தப் பெட்டிக்கும் உயரத்தைக் குறிக்காமல் விடுவதே முறை. குறித்தே ஆக வேண்டுமென்றால் குறைந்தபட்ச உயரமாகக் குறிக்கலாம்.

படங்களைப் பொறுத்தவரை, தாங்கும் பெட்டியை மீறாதே என்ற ஒரே விதி தோற்றத்தைச் சரிசெய்துவிடும், சுமையைச் சரிசெய்யாது. 2000 பிக்சல் அகலமுள்ள புகைப்படத்தை 360 பிக்சல் திரையில் சுருக்கிக் காட்டினாலும் இறங்குவது முழுக் கோப்புதான், தீர்வது வாசகரின் டேட்டாதான். கைபேசியில் வேண்டாம் என்று சிஎஸ்எஸ்ஸால் மறைத்துவைத்த படமும் பல வேளைகளில் இறங்கிவிடும். ஒரே படத்தைப் பல அளவுகளில் வைத்து, உலாவியே பொருத்தமானதைத் தேர்ந்துகொள்ளச் செய்யும் வசதிக்காக வடிவமைப்பாளர்கள் தாமே ஒரு குழு அமைத்துப் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. குரோம் உலாவிக்கான நிரலை யோவ் வைஸ் என்ற பொறியாளர் எழுதுவதற்குப் பொதுமக்களிடம் நிதி திரட்டப்பட்டு, 2014இல் அந்த வசதி வெளிவந்தது. பக்கத்தை அடுக்கி முடிப்பதற்கு முன்பே உலாவி படத்தைக் கேட்கத் தொடங்கிவிடுவதால், படம் எவ்வளவு அகலத்தில் நிற்கப்போகிறது என்பதை நாம் எச்டிஎம்எல்லிலேயே முன்கூட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது. பலர் தவறவிடும் பகுதி இது. படத்தின் அகல உயர விகிதத்தையும் எழுதிவைத்தால் படம் இறங்கும்வரை அதற்கான இடம் காத்திருக்கும், படித்துக்கொண்டிருக்கும் வரி திடீரென்று கீழே குதிக்காது. பல நிரல்கள் கொண்ட அட்டவணையைச் சுருக்க முயல்வதைவிட, அது தன் பெட்டிக்குள் மட்டும் பக்கவாட்டில் நகரும்படி விடுவதே படிப்பவருக்கு உதவும்.

கருவிகள் இப்போது நம் பக்கம் இருக்கின்றன. மார்காட் எழுதிய காலத்தில் பத்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்த, படத்தைச் சுற்றி எழுத்தை ஓட்டுவதற்கென்று இருந்த 'ஃபுளோட்' வசதியைத்தான் வளைத்துப் பயன்படுத்தினார்கள். பிறகு ஃபிளெக்ஸ்பாக்ஸ் வந்தது; 2017 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸ், குரோம், சஃபாரி மூன்றும் ஒரே மாதத்தில் கிரிட்டை ஏற்றன. 2022இல் குரோமும் சஃபாரியும் 2023 தொடக்கத்தில் ஃபயர்ஃபாக்ஸும் ஏற்ற கன்டெய்னர் குவெரியை நான் எல்லாவற்றிலும் பெரிய முன்னேற்றமாகக் கருதுகிறேன். மீடியா குவெரிக்குத் திரை முழுவதன் அகலம் மட்டுமே தெரியும். ஒரே செய்தி அட்டை முகப்பின் நடுவில் 700 பிக்சலிலும் பக்கப்பட்டியில் 250 பிக்சலிலும் நிற்கும்போது அதனால் வேறுபடுத்த இயலாது. கன்டெய்னர் குவெரி அட்டையைத் தாங்கும் பெட்டியின் அகலத்தைக் கேட்கிறது. கருவியின் பெயரும் திரையின் அளவும் அந்த விதிக்குள் வருவதே இல்லை.

சோதிப்பதற்கு அலமாரி நிறையக் கைபேசிகள் வேண்டியதில்லை. 2018இல் வெளியான அணுகல்தன்மை நெறிமுறையான டபிள்யூசிஏஜி 2.1, 320 பிக்சல் அகலத்திலும் வழக்கமான உரையுள்ள பக்கம் இருதிசையிலும் நகர்த்தத் தேவையின்றிப் படிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்று வரையறுக்கிறது. 1280 பிக்சல் சாளரத்தை 400 விழுக்காடு பெரிதாக்கினால் கிடைப்பது அதே 320 என்பதால், இந்த ஒரு சோதனை சிறிய கைபேசி வைத்திருப்பவரையும், கணினியில் பெரிதாக்கிப் படிக்கும் பார்வை குறைந்தவரையும் சேர்த்தே காக்கிறது. அடுத்து, உலாவியின் அமைப்புகளில் எழுத்தளவை மட்டும் இரட்டிப்பாக்கிப் பார்க்க வேண்டும். பிக்சலில் எழுதிய உயரங்கள் உடனே தம்மைக் காட்டிக்கொடுக்கும். அதற்கும் மேலாக, டெம்ப்ளேட்டுடன் வந்த மாதிரி உரையை நீக்கிவிட்டு, அந்தத் தளத்தில் உண்மையாகவே வரப்போகும் மிக நீண்ட துறைப்பெயரையும், மிக நீண்ட மெனுத் தலைப்பையும், அதிக நிரல்கள் கொண்ட அட்டவணையையும் இட்டு, சாளரத்தை 320இலிருந்து மெதுவாக விரித்துக்கொண்டு வர வேண்டும். எந்த அகலத்தில் எது உடைகிறதோ, அந்த அகலம்தான் விதி எழுத வேண்டிய இடம்.